கத்தியின் பிடி யார் பக்கம்?

பிற்பகல் வெயிலில் மேடைக்கு வரும் ஒரு நடிகன் நள்ளிரவில் நிற்கிறான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் குளோப் அரங்கில் நாடகங்கள் திறந்த வானத்தின் கீழ், பகல் வெளிச்சத்தில்தான் நடந்தன. விளக்கை அணைத்து இருட்டைக் கொண்டுவர வழியில்லை. அதனால் ‘மேக்பெத்’ நாடகத்தின் இரண்டாம் அங்கம் தொடங்கும்போது மேக்பெத்தின் சக தளபதி பாங்க்வோவும் அவன் மகன் ஃப்ளியன்ஸும் தீப்பந்தத்தோடு வந்து, நிலா இறங்கிவிட்டதையும் வானத்தில் ஒளியே இல்லாததையும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு போதும். பார்க்க வந்தவர்கள் முகத்தில் அடிக்கும் வெயிலை மறந்து இருட்டைக் காணத் தொடங்கிவிடுகிறார்கள். தந்தையும் மகனும் போகிறார்கள். மேக்பெத் தன் வேலைக்காரனையும் அனுப்பிவிடுகிறான். மேடையில் அவன் மட்டும். அவன் முன்னால் காற்றில் ஒரு குத்துவாள்.

சுமார் 30 வரிகள் நீளும் அந்தத் தனிமொழி, உலகத்தின் துன்பியல் நாடகங்களில் மிக அதிகமாக நடிக்கப்பட்டவற்றுள் ஒன்று. குற்ற உணர்வின் கவிதை என்று வகுப்பறைகளில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் அந்த வரிகளை மெல்ல, ஒவ்வொரு அசைவாகப் படித்தால் அதற்குள் ஒரு பரிசோதனை நடப்பது தெரியும். தன் கண்ணைத் தானே சோதிக்கிறான் ஒரு மனிதன். மனித மூளை எப்படிப் பார்க்கிறது என்று கடந்த நூறாண்டுகளில் அறிவியல் கண்டுபிடித்த பல விஷயங்களுக்கு அருகில் அந்தச் சோதனை போய் நிற்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு, சோதனையின் முடிவைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மேக்பெத் ஸ்காட்லாந்தின் தளபதி. நீ அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அரசன் டங்கன் அன்றிரவு அவன் கோட்டையிலேயே விருந்தாளியாகத் தூங்குகிறான். மேக்பெத்தும் மனைவியும் அவனைக் கொன்றுவிட முடிவு செய்துவிட்டார்கள். மனைவி மணி அடித்ததும் மேக்பெத் போக வேண்டும். அந்த மணிக்குக் காத்திருக்கும் சில நிமிடங்களில்தான் குத்துவாள் தோன்றுகிறது.

முதல் பார்வையிலேயே அதன் பிடி தன் கையை நோக்கி இருப்பதைக் கவனிக்கிறான். பிடிக்கக் கை நீட்டுகிறான். கையில் எதுவும் சிக்கவில்லை, ஆனாலும் அது கண்ணைவிட்டு அகலவில்லை. பார்வைக்குத் தென்படுகிற நீ தொடுகைக்கு மட்டும் அகப்படமாட்டாயா என்று அதனிடமே கேட்கிறான். சூடேறிய மூளை உருவாக்கிய பொய்த்தோற்றமோ என்றும் கேட்கிறான். பிறகு, தன் சொந்தக் குத்துவாளை உருவி இரண்டையும் ஒப்பிடுகிறான். இதற்கு எவ்வளவு திட்டமான உருவம் இருக்கிறதோ அதற்கும் அவ்வளவு இருக்கிறது. தான் போகவிருந்த திசையைத்தான் அது காட்டுகிறது என்கிறான். ஒன்று மற்றப் புலன்கள் சரி, கண்கள் ஏமாந்துவிட்டன. இல்லையென்றால் கண்கள் மட்டுமே சரி, மற்றவை அத்தனையும் பொய் என்று இரண்டு சாத்தியங்களையும் அடுக்குகிறான். அதற்குள் காட்சி மாறுகிறது. அலகிலும் பிடியிலும் இரத்தம். சற்று முன்பு அது இல்லை என்பதையும் கவனித்துச் சொல்கிறான். உடனே தீர்ப்பு: இப்படி ஒரு பொருளே இங்கே இல்லை. செய்யப்போகும் கொலைதான் கண்களுக்கு இந்த உருவத்தைக் காட்டுகிறது.

தொட்டுப் பார்த்தான். உண்மையான ஒன்றோடு ஒப்பிட்டான். காலத்தில் மாறுகிறதா என்று கவனித்தான். ஒரு தேர்ந்த நரம்பியல் மருத்துவர் நோயாளியிடம் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளையும் தன்னிடமே கேட்டுவிட்டான்.

இந்தக் குத்துவாள் ஷேக்ஸ்பியருக்கு எங்கிருந்து வந்தது? வரலாற்று மேக்பெத் 1040-இல் டங்கனைக் கொன்றது படுக்கையறையில் அல்ல. வட ஸ்காட்லாந்தில் எல்கின் ஊருக்கு அருகில் நடந்த சண்டையில் டங்கன் இறந்தான். அதன் பிறகு மேக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ராஃபேல் ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து. அதன் 1587-ஆம் ஆண்டுப் பதிப்பு அவர் கையில் இருந்தது. அந்த நூலில் சூனியக்காரிகள் இருக்கிறார்கள். வேறொரு ஸ்காட்லாந்து அரசன் கொலை செய்துவிட்டு இரவில் ஒரு குரலைக் கேட்கும் கதையும் இருக்கிறது. கொலைக்குப் பின் மேக்பெத் கேட்கும் குரலுக்கு அது விதையாக இருந்திருக்கலாம். காற்றில் மிதக்கும் குத்துவாள் மட்டும் அதில் எங்கும் இல்லை. அது முழுக்க நாடக ஆசிரியரின் சொந்தச் சேர்க்கை.

நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். முதன்முதலாக அச்சானது, ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623-இல் வந்த பெருந்தொகுப்பில். அந்தப் பதிப்பில் பின்னால் வரும் விருந்துக் காட்சியில், மேக்பெத் ஆளனுப்பிக் கொன்ற பாங்க்வோவின் ஆவி உள்ளே வருகிறது என்று மேடைக்குறிப்பு இருக்கிறது. குத்துவாள் தோன்றுகிறது என்று எந்தக் குறிப்பும் இல்லை. ஆவிக்கு ஒரு நடிகர் தேவைப்பட்டார். குத்துவாளுக்கு ஒருவன் வெறுங்காற்றை உற்றுப் பார்ப்பது போதுமானதாக இருந்தது.

அன்றைய பார்வையாளர் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? அரியணையில் இருந்தவர் முதலாம் ஜேம்ஸ். சூனியத்தைப் பற்றி அவரே 1597-இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டவர். பேய்கள் மனிதர் கண்ணை ஏமாற்றும் என்று உறுதியாக நம்பியவர். அதற்கு முன்பே 1584-இல் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர், சூனியம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஏமாற்று, மீதி நோயுற்ற மனத்தின் கற்பனை என்று துணிந்து எழுதியிருந்தார். 1586-இல் டிமோதி பிரைட் என்ற மருத்துவர் மனச்சோர்வு நோயைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். உடலில் கரும்பித்தம் மிகுந்து சூடேறினால் அதன் ஆவி மூளைக்கு ஏறி இல்லாத பயங்கரங்களைக் காட்டும் என்பது அக்கால மருத்துவம். மூளையின் முன் அறையில் கற்பனை, நடு அறையில் பகுத்தறிவு, பின் அறையில் நினைவு என்றும் நம்பினார்கள். ஆகவே மேக்பெத் தன் மூளை சூடேறிவிட்டதோ என்று கேட்பது அலங்காரப் பேச்சு அன்று. அன்றைய மருத்துவரின் நோயறிதலையே அவன் தன் மேல் வைத்துப் பார்க்கிறான். பேய் காட்டும் வஞ்சனை என்ற விளக்கமும் அவன் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. சூனியக்காரிகளைச் சந்தித்தவன் அவன். இருந்தும் பழியை அவர்கள் மேல் போடாமல் தன் தலைக்குள்ளேயே தேடுகிறான். இந்த நேர்மையை நாம் கடந்துபோய்விடக் கூடாது.

இனி இன்றைய அறிவியலுக்கு வருவோம்.

கண் ஒரு சாளரம், வெளியே இருப்பது அப்படியே உள்ளே வருகிறது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை மறுத்தார். விழித்திரைக்கு வருவது துண்டு துண்டான ஒளிக்குறிப்புகள். அவற்றை வைத்து வெளியே என்ன இருக்கக்கூடும் என்று மூளை நமக்குத் தெரியாமலேயே ஊகிக்கிறது. அந்த ஊகத்தைத்தான் நாம் பார்வை என்கிறோம் என்றார். இன்று அந்தக் கருத்து மேலும் விரிந்திருக்கிறது. மூளை முதலில் எதிர்பார்ப்பை அனுப்புகிறது, புலன்கள் அதைத் திருத்துகின்றன, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் காட்சி பிறக்கிறது என்று பல நரம்பியலாளர்கள் கருதுகிறார்கள். திருத்தம் பலவீனமாகி எதிர்பார்ப்பு வலுத்தால்? இல்லாதது தெரியும். நிலா இல்லாத இரவு, அணைந்துபோன விளக்குகள், ஒரே ஒரு செயலின் மேல் குவிந்த மனம். மேக்பெத்தின் கண்ணுக்கு வெளியிலிருந்து வரும் திருத்தம் மிகக் குறைவு. உள்ளிருந்து போகும் எதிர்பார்ப்போ மிக அதிகம்.

கற்பனைக்கும் காட்சிக்கும் நடுவே இருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்று 1910-இல் ஒரு சோதனை காட்டியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேரி பெர்க்கி என்ற உளவியலாளர், சிலரைக் கண்ணாடித் திரை ஒன்றைப் பார்த்துக்கொண்டே தக்காளி, எலுமிச்சை, வாழைப்பழம் போன்றவற்றைக் கற்பனை செய்யச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமல் திரையின் பின்னாலிருந்து அதே பொருளின் மங்கலான உருவத்தை மெல்ல மெல்லப் பாய்ச்சினார். பார்த்தவர்கள் திரையில் உண்மையாக இருந்ததைத் தங்கள் கற்பனை என்றே விவரித்தார்கள். வாழைப்பழம் கிடையாக இருப்பதாக நினைத்தேன், ஆனால் நிமிர்ந்து நிற்கிறதே என்று வியந்தவர்களும் உண்டு. மேக்பெத்துக்கு நேர்ந்ததன் மறுபுறம் இது. அவன் கற்பனையை வெளியே கண்டான். இவர்கள் வெளியே இருந்ததைக் கற்பனை என்று எண்ணினார்கள்.

2023-இல் லண்டனில் நடைன் டைக்ஸ்ட்ராவும் ஸ்டீபன் ஃபிளெமிங்கும் இதே கேள்வியைப் புதிதாக எடுத்தார்கள். இரைச்சல் புள்ளிகள் நிறைந்த திரையில் மங்கலான கோடுகள் தெரிகின்றனவா என்று கண்டுசொல்ல வேண்டும். அதே நேரத்தில் கோடுகளை மனத்தில் வரைந்துகொண்டும் இருக்க வேண்டும். மனத்தில் வரைந்த கோடும் தேட வேண்டிய கோடும் ஒரே சாய்வில் இருந்தபோது, தெரிகிறது என்று சொன்னவர்கள் அதிகம். கற்பனை எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவுக்கு அது உண்மை என்று தோன்றியது. அவர்கள் தரும் விளக்கம் எளிமையானது: கற்பனையும் காட்சியும் மூளையில் ஒரே இடத்தில் கலக்கின்றன, கலந்த சமிக்ஞை ஓர் அளவைத் தாண்டினால் அது வெளியே இருப்பதாக மூளை முடிவு செய்கிறது. மேக்பெத்தின் குத்துவாள் அந்த அளவைத் தாண்டிய எண்ணம் என்று சொன்னால் பொருந்தும்.

ஆனால் எண்ணங்கள் அவனுக்கு எத்தனையோ இருந்திருக்கும். டங்கனின் முகம் தோன்றவில்லை. கிரீடம் தோன்றவில்லை. ஏன் குத்துவாள்? அதுவும் ஏன் பிடி தன்னை நோக்கி?

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். 1998-இல் மைக் டக்கர், ராப் எல்லிஸ் என்ற இருவர் பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். வாணலி போன்ற வீட்டுப் பொருள்களின் படங்களைக் காட்டி, அது நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். விடை சொல்ல இடக்கைப் பொத்தான் ஒன்று, வலக்கைப் பொத்தான் ஒன்று. பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கேள்விக்குத் தேவையே இல்லை. ஆனாலும் பிடி வலப்பக்கம் இருந்தபோது வலக்கை விரைந்தது. இடப்பக்கம் இருந்தபோது இடக்கை விரைந்தது. பிடிக்கும் எண்ணம் இல்லாதபோதும், பார்த்த உடனேயே கை பாதி தயாராகிவிடுகிறது. (இது பிடிப்பதற்கான தயாரிப்பா, பொருள் ஒரு பக்கமாக நீண்டிருப்பதன் விளைவு மட்டுமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.) குரங்குகளின் மூளையில், கைப்பிடிக்குள் அடங்கும் பொருளை வெறுமனே பார்த்தாலே துடிக்கும் நரம்பணுக்கள் இருப்பதை 1990-களில் இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள், பிடிப்பதற்குக் கையை இயக்கும் பகுதியில்தான் அவை இருக்கின்றன. பொருளின் வடிவம் அங்கே கையின் வேலையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

பிரெஞ்சு நரம்பியலாளர் ஃபிரான்சுவா லெர்மீட் 1983-இல் விவரித்த நோயாளிகள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். மூளையின் முன்மடல் பழுதடைந்தவர்கள் அவர்கள். எதிரே குவளையும் தண்ணீர்க் குடுவையும் வைத்தால், யாரும் சொல்லாமலேயே ஊற்றிக் குடித்தார்கள். மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தால் போட்டுக்கொண்டார்கள். இன்னொன்றைக் கொடுத்தால் அதையும் அதன் மேலேயே போட்டுக்கொண்டார்கள். பொருளே கட்டளையிட்டது, கை கீழ்ப்படிந்தது. நலமாக உள்ளவர்களுக்கும் அந்தக் கட்டளை வருகிறது. முன்மடல் அதை நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான்.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு தனிமொழிக்குத் திரும்பினால், குத்துவாள் கண்ணுக்குத் தோன்றிய படமாக எனக்குத் தெரியவில்லை. அது கையின் கனவு. ஒரு செயலைச் செய்ய உடல் முழுக்கத் தயாராகிவிட்டது. மணி அடிக்கவில்லை என்பதால் செயல் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்திவைக்கப்பட்ட அந்தப் பிடி, தனக்கு வேண்டிய பொருளை எதிரே வரைந்துகொள்கிறது. அதனால்தான் அலகின் கூர்மையைப் பற்றியோ மினுமினுப்பைப் பற்றியோ அவன் முதலில் பேசவில்லை. பிடி எந்தப் பக்கம் என்பதுதான் முதல் வாக்கியத்திலேயே வருகிறது. அடுத்த வாக்கியத்தில் கை நீள்கிறது.

ஒரு நாடகப் பாத்திரத்துக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேக்பெத்துக்கு மூளை கிடையாது, இருப்பது வரிகள்தான். தூக்கமின்மையால் வந்த பிரமை என்று சிலர் எளிதாக விளக்கிவிடுகிறார்கள். நாடகத்தின் வரிசை அதற்கு இடம் தரவில்லை: அவன் தூக்கம் கெடுவது கொலைக்குப் பிறகுதான். மனநோய் என்ற விளக்கமும் அப்படியே. இல்லாததைப் பார்ப்பது மனம் கலங்கியவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஜெனிவாவைச் சேர்ந்த இயற்கையறிஞர் சார்ல் போனே 1760-இல் தன் தாத்தா சார்ல் லுலேனைப் பற்றி எழுதினார். 90 வயதை நெருங்கிய அந்த முதியவருக்குக் கண்புரையால் பார்வை மங்கியிருந்தது. அவர் முன்னால் மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தோன்றி மறைந்தன. அவருடைய புத்தி முற்றிலும் தெளிவாக இருந்தது. எதுவும் உண்மையில்லை என்று அவருக்கே தெரியும். 1971-இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூவி ரீஸ், துணையை இழந்த ஏறத்தாழ 300 பேரிடம் பேசிப் பார்த்தார். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், இறந்த கணவனையோ மனைவியையோ அருகில் உணர்ந்ததாகவோ கண்டதாகவோ கேட்டதாகவோ சொன்னார்கள். பலர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை.

லுலேனின் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு அது பொய் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் காட்சிகள் போகவில்லை. அறிவு கண்ணைத் திருத்துவதில்லை. இரண்டு கோடுகள் சம நீளம் என்று அளந்து பார்த்த பிறகும், முனைகளில் வரைந்த அம்புக்குறிகளால் ஒன்று நீளமாகத் தெரியும் அந்தப் பழைய கண்மயக்குப் படத்தை எல்லோரும் பள்ளியில் பார்த்திருக்கிறோம். எத்தனை முறை அளந்தாலும் அது அப்படியேதான் தெரியும்.

மேக்பெத்தின் துயரம் இதைவிட ஆழமானது. அவனுடைய அறிவு கண்ணைத் திருத்தாததோடு நிற்கவில்லை, காலையும் நிறுத்தவில்லை. இந்தத் தனிமொழியில் எல்லாச் சோதனைகளிலும் அவன் தேறிவிட்டான். பொருள் இல்லை என்று கண்டுபிடித்தான். அது எங்கிருந்து வந்தது என்பதையும், செய்யப்போகும் கொலையிலிருந்து வந்தது என்று சரியாகவே சொன்னான். தன் மனத்தை இவ்வளவு துல்லியமாகப் படித்த மனிதர்கள் இலக்கியத்தில் குறைவு. தன்னை அறிந்தவன் தன்னை ஆள்வான் என்று எத்தனையோ மரபுகள் சொல்கின்றன. ஷேக்ஸ்பியர் இங்கே தன்னை முழுக்க அறிந்த ஒருவனைக் காட்டி, அந்த அறிவோடே அவனைக் கொலைக்கு நடக்கவைக்கிறார். இந்த நாடகத்தில் என்னை மிகவும் அச்சுறுத்துவது சூனியக்காரிகளோ ஆவியோ இல்லை, இதுதான்.

எப்படி நடக்கிறது அது? தனிமொழியின் இரண்டாம் பாதியில் விடை இருக்கிறது; நடிகர்கள் பெரும்பாலும் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். முதல் பாதி கேள்விகளால் ஆனது. குத்துவாள் உண்மையா, பொய்யா, தொட்டால் சிக்குமா, மூளையின் படைப்பா. தீர்ப்பு சொன்ன கணத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. அவன் இரவை வருணிக்கத் தொடங்குகிறான். உலகத்தின் பாதியில் உயிர்கள் அடங்கிவிட்டன; தூங்குகிறவர்களைக் கெட்ட கனவுகள் அலைக்கழிக்கின்றன; சூனியம் தன் வழிபாட்டை நடத்துகிறது; ஓநாய் காவல்காரனாக ஊளையிட, மெலிந்து வாடிய கொலை என்பவன் எழுந்து அரவமில்லாமல் தன் இலக்கை நோக்கி நடக்கிறான். ரோமானியக் கதையில் லுக்ரீஸின் அறைக்குள் இரவில் நுழைந்த டார்குவினின் நடை அது. அந்தக் கதையை ஷேக்ஸ்பியர் 1594-இலேயே நெடுங்கவிதையாக எழுதியிருந்தார்.

கொலை ஒரு மூன்றாம் ஆளாகிவிட்டது, பாருங்கள். நான் கொல்லப்போகிறேன் என்ற வாக்கியம் எங்கும் இல்லை. கொலை என்ற யாரோ நடந்துபோகிறான். மேக்பெத் அந்த நடையை வேடிக்கை பார்க்கிறான். அதற்கு முன்பே குத்துவாள் தனக்கு வழிகாட்டிச் செல்வதாகச் சொல்லிவிட்டான். மணி அடித்ததும், மணி தன்னை அழைப்பதாகச் சொல்கிறான். ஆயுதம் வழி காட்டுகிறது, கொலை நடக்கிறது, மணி கூப்பிடுகிறது. அவன் செய்வதாக எஞ்சியிருப்பது போவது மட்டும்.

2016-இல் எமிலி காஸ்பர், பேட்ரிக் ஹாகார்ட் முதலியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதன் அருகே வைத்துப் பார்க்கத் தக்கது. இருவர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் பொத்தானை அழுத்தினால் மற்றவருக்கு வலிக்கும் ஒரு மின்அதிர்ச்சி போகும், அல்லது அவருடைய பணம் குறையும். அழுத்திய சிறிது நேரத்தில் ஓர் ஒலி கேட்கும். அழுத்தியதற்கும் ஒலிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். நாமாக விரும்பிச் செய்யும் செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடைவெளி சுருங்கியதாக மூளை உணர்கிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆய்வாளர் கட்டளையிட்டபோது அதே விரல், அதே பொத்தான், அதே அதிர்ச்சி. ஆனால் இடைவெளி நீண்டதாகத் தோன்றியது. கட்டளைக்குக் கீழ்ப்படியும்போது, தன் செயல் தன்னுடையது என்ற உணர்வே மூளையில் தளர்கிறது. அந்த ஆய்வில் கட்டளையிட எதிரே ஒரு மனிதர் இருந்தார். மேக்பெத்துக்கு அப்படி யாரும் இல்லை. ஆகவே கட்டளையிட ஒரு குத்துவாளை அவன் மனமே உண்டாக்கிக்கொண்டது என்று நான் படிக்கிறேன். பொய் என்று தள்ளிய பிறகும் அது தன் வேலையை முடித்துவிட்டது. அவன் இப்போது கீழ்ப்படிகிறவன்.

நாடகத்துக்குள்ளேயே இந்தக் குத்துவாளுக்கு இன்னொரு விளக்கமும் இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் விருந்தின்போது பாங்க்வோவின் ஆவியைக் கண்டு மேக்பெத் அலறுகிறான். அப்போது அவன் மனைவி, இதுவும் உன் அச்சம் தீட்டிய ஓவியம், டங்கனிடம் உன்னை அழைத்துப் போனதாக நீ சொன்ன அந்தக் காற்றுக் குத்துவாளைப் போல, என்று கடிந்துகொள்கிறாள். ஆகவே மேடைக்கு வெளியே எப்போதோ அவன் அதை அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் அதை அச்சம் என்று எடுத்துக்கொண்டாள். அவன் அதைக் கொலைத்திட்டத்தின் நிழல் என்று கண்டிருந்தான். என் பார்வையில் அவன்தான் சரி. அவன் குரலில் முதல் பாதி முழுதும் அச்சத்தைவிட ஆர்வமே மிகுந்திருக்கிறது.

மேடை இதை எப்படிக் கையாண்டது என்பதும் ஒரு விளக்கமே. 18-ஆம் நூற்றாண்டின் பெரும் நடிகர் டேவிட் கேரிக், 1760-களில் பாரிஸ் சென்றிருந்தபோது, ஒரு வரவேற்பறையில் சாதாரண உடையில், ஒப்பனையோ மேடையோ இல்லாமல் இந்தக் காட்சியை நடித்துக்காட்டினார். காற்றில் நகரும் குத்துவாளைக் கண்ணால் மட்டும் தொடர்ந்த அவரைப் பார்த்து, ஆங்கிலம் முழுதாகப் புரியாதவர்களும் சிலிர்த்துப்போனார்கள். ரோமன் போலன்ஸ்கி தன் 1971-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மிதக்கும் குத்துவாளைத் திரையிலேயே காட்டிவிட்டார். அதைக் காட்டியதும் பார்ப்பவருடைய வேலை போய்விடுகிறது. குளோப் அரங்கின் பார்வையாளர் வெயிலில் இருட்டைக் கண்டதைப் போலவே, வெறுங்காற்றில் அவனோடு சேர்ந்து குத்துவாளையும் கண்டார். மேக்பெத்தின் மூளை செய்ததை அவர் மூளையும் சிறிது செய்தது. மனத்தில் உருவங்களே தோன்றாத மனிதர்களும் இருக்கிறார்கள். 2015-இல் ஆடம் ஜீமன் என்ற நரம்பியலாளர் அவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அப்படிப்பட்ட ஒருவருக்கு இந்தக் காட்சி நடிகரின் விரல்களிலும் கண்களிலும் மட்டுமே இருக்கும். அதுவும் போதும் என்றே நினைக்கிறேன்.

ஜோயல் கோயன் 2021-இல் எடுத்த படம் நான் அறிந்தவற்றுள் மிக நுட்பமான விடையைத் தருகிறது. டென்சல் வாஷிங்டன் நீண்ட நடைகூடத்தில் நடக்கிறார். தொலைவில் குத்துவாள் மின்னுகிறது. நெருங்கும்போது அது டங்கன் தூங்கும் அறைக் கதவின் கைப்பிடி. பிடிக்கத் தக்க ஓர் உண்மையான பொருளிலேயே மாயக்காட்சி முடிகிறது. கை போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான்.

தனிமொழிக்குள் இன்னும் ஒரு செயல் பாக்கி இருக்கிறது; இயக்குநர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தீர்மானித்தாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேக்பெத் தன் குத்துவாளை உருவினானே, அது என்ன ஆனது? கண்ணைச் சோதிக்க அவன் எடுத்த அந்த அளவுகோல், சோதனை முடிந்தபோது அவன் கையில் உறைவிட்டு வெளியே வந்திருக்கிறது. மறுபடி உறையில் போட்டான் என்று 1623-ஆம் ஆண்டு அச்சில் எந்தக் குறிப்பும் இல்லை. திட்டப்படி டங்கனைக் கொல்ல வேண்டியது அவனுடைய காவல்காரர்களின் குத்துவாள்களால்; பழி அவர்கள் மேல் விழ வேண்டும் என்பதற்காக மேக்பெத்தின் மனைவி அவற்றைத் தயாராக எடுத்துவைத்திருக்கிறாள். அப்படியானால் அவன் கையில் இருப்பது தேவையற்ற ஆயுதம். அடுத்த காட்சியில் கொலை முடிந்து திரும்பும்போது காவல்காரர்களின் குத்துவாள்களை அங்கேயே விட்டுவர மறந்து கையோடு கொண்டுவந்துவிடுகிறான்; மனைவி சுட்டிக்காட்டும்வரை அது அவனுக்கு உறைக்கவே இல்லை. திரும்பப் போய் வைக்கவும் மறுக்கிறான். அவளே வாங்கிக்கொண்டு போகிறாள். இதை முன்கூட்டியே அறிந்த நடிகர், தனிமொழி முடியும் இடத்தில் உருவிய குத்துவாளை உறையில் போடக் கூடாது என்பது என் கருத்து. மாயக் குத்துவாளை இல்லை என்று தள்ளிவிட்டு, கையில் இருக்கும் இரும்பைக் கவனிக்காமலே அவன் மணியோசையை நோக்கி நடக்க வேண்டும்.